கோத்தகிரியில் மூன்று நாள் டிஎன்ஏ ஹேக்கத்தான்: வருவதற்கு முன் எல்லோரும் கேட்பவை

போன தடவை கூடிக் கலைந்ததில் இருந்து போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஏற்பாடு செய்யும் நாலைந்து பேரில் ஒருத்தி. எங்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஒரு வாடகை மண்டபம், ஒரு பழைய சர்வர், நிறைய டீ. அவ்வளவுதான்.

ஹேக்கத்தான் என்றால் ஹேக்கிங்கா? வீட்டில் அப்பா விட மாட்டேன் என்கிறார்.

இல்லை என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். யார் வங்கிக் கணக்கையும் நாங்கள் திறப்பதில்லை. 1999ல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதுபவர்கள் கனடாவின் கால்கரி நகரில் ஒன்றாக உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். அந்தக் கூடலுக்கு வைத்த பெயர்தான் பிறகு ஊரெல்லாம் பரவியது. உயிரியல் தரவுக்காக இப்படிக் கூடுவதும் புதிதல்ல. ஜப்பானில் 2008 முதல் நடக்கிறது, ஐரோப்பாவில் 2018ல் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆரம்பித்து ஞாயிறு மதியம் முடிப்பது எங்கள் வழக்கம்.

பரிசு உண்டா?

கிடையாது. முதலிடமும் இல்லை, நடுவரும் இல்லை. ஒரு குழு மாட்டிக்கொண்டால் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய் உதவ வேண்டும். பரிசு வைத்தால் அந்த எழுந்து போவது நின்றுவிடும். ஆரம்பத்தில் ஒரு முறை வைத்துப் பார்த்தோம். சனிக்கிழமை ராத்திரிக்குள் குழுக்கள் லேப்டாப் திரையை மறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்துவிட்டன.

சரி, மூன்று நாளும் என்னதான் செய்வோம்?

டிஎன்ஏவை வாசிக்கும் எந்திரம் அதை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. டிஎன்ஏவில் ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்துதான்; பெரும்பாலான எந்திரங்கள் அதை 150 எழுத்து நீளத்துக்குத் துண்டு துண்டாக வாசித்துக் கொட்டுகின்றன. மனிதருடைய முழு ஜீனோம், அதாவது டிஎன்ஏவின் ஒரு முழுத் தொகுப்பு, சுமார் 310 கோடி எழுத்து. ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவையாவது வாசித்தால்தான் நம்பலாம் என்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஆளுக்கு ஏறக்குறைய 62 கோடித் துண்டு வரும். எது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எதிலும் எழுதியிருக்காது.

இதைப் புதியவர்களுக்கு விளக்க நான் எப்போதும் ஏட்டுச்சுவடியைத்தான் இழுப்பேன். உ.வே.சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளைத் திரட்டினார். ஒன்று செல்லரித்தது, இன்னொன்றில் நடுவே ஓலை இல்லை, மூன்றாவதில் எழுதியவர் தூக்கத்தில் எழுதியது போல் இருக்கும். அடுக்கி வைத்து ஒப்பிட்டுத்தான் ஒரு வரியை அவர் முடிவு செய்தார். ஒரு ஏட்டில் மட்டும் சொல் மாறியிருந்தால் அது ஏடெழுதியவர் கைப்பிழையா, உண்மையான பாடபேதமா? எங்கள் வேலையும் அச்சாக அதுதான். துண்டுகளை மாதிரி ஜீனோமின் மேல், அதாவது ஒப்பிடுவதற்கென்றே ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பொது ஜீனோமின் மேல், அடுக்குகிறோம். அடுக்கியதும் இங்கே ஓர் எழுத்து மாறியிருக்கிறதே என்று கண்ணில் படும். அது எந்திரம் தவறாக வாசித்ததா, அந்த ஆளிடம் நிஜமாகவே அப்படி இருக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டும். ஒருவருடைய ஜீனோமை மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டால் 41 லட்சம் முதல் 50 லட்சம் இடங்கள் வரை வேறுபடும். அத்தனை பாடபேதம்.

மூன்று நாளில் பாதி நேரம் இந்தச் சந்தேகத்திலேயே போகும். போகட்டும், அதற்காகத்தான் கூடுகிறோம்.

எனக்குக் கோடிங் வராது. வரலாமா?

வரலாம். ஒவ்வொரு குழுவிலும் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர், உயிரியல் படித்தவர் ஒருவர், இரண்டும் தெரியாமல் கேள்வி கேட்பவர் ஒருவராவது இருக்கும்படி பிரிக்கிறோம். மூன்றாமவர் ஒப்புக்குச் சேர்த்துக்கொண்ட ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்திரம் தரும் கோப்புக்கு ஃபாஸ்ட்க்யூ என்று பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் அதில் நாலு வரி. முதல் வரி @ குறியில் தொடங்கும் பெயர், இரண்டாவது ஏ, சி, ஜி, டி எழுத்துகள், மூன்றாவது வெறும் + குறி, நாலாவது வரி தரம். ஒவ்வோர் எழுத்தையும் எந்திரம் எவ்வளவு நிச்சயமாக வாசித்தது என்பதை ஒரே ஒரு குறியில் அடக்கி அங்கே வைத்திருப்பார்கள். + இருந்தால் தரம் 10, அதாவது பத்தில் ஒன்று தவறாகலாம். 5 என்ற குறி இருந்தால் 20, நூறில் ஒன்று. கேள்விக்குறி இருந்தால் 30, ஆயிரத்தில் ஒன்று. பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் கணக்கு.

போன தடவை ஒரு குழுவில் துண்டுகளை எண்ண, @ குறியில் தொடங்கும் வரிகளை எண்ணச் சொல்லிக் கட்டளை கொடுத்தார் கணினி படித்த தம்பி ஒருவர். எண் வந்தது, எழுதிக்கொண்டார்கள். அந்தக் குழுவில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். பி.காம். படிக்கிறாள், அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அவள் கோப்பின் மொத்த வரிகளை எடுத்து நாலால் வகுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, உங்க கணக்கு அதிகமா வருதே” என்றாள். அவளுடைய எண்தான் சரி. @ என்பதும் ஒரு தரக்குறிதான், அதன் மதிப்பு 31. நாலாவது வரியே @ குறியில் தொடங்கினால் அதையும் ஒரு துண்டாகக் கட்டளை எண்ணிவிடும். தம்பிக்கு முகம் சுருங்கியது உண்மைதான். ஆனால் அன்று ராத்திரி அவர்தான் அவளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கோடிங் தெரியும், உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி.

வாருங்கள். முதல் நாள் மதியம் இரண்டு மணி நேரம் அதற்குத்தான்.

என்னென்ன திட்டங்கள்? எங்கே இருந்து தரவு?

எல்லாமே ஏற்கெனவே பொதுவில் கிடக்கும் தரவு. உலகத்தில் யாரோ காசு செலவழித்து வாசித்து, மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று பொதுக் கிடங்குகளில் போட்டு வைத்தது. எந்திரமோ ஆய்வுக்கூடமோ இங்கே இல்லை. குழாயில் ஊதா நிறத் திரவம் ஆட்டும் படம் எடுக்க வேண்டும் என்றால் ஏமாந்து போவீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உருளைக்கிழங்குத் திட்டம், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மலையில் உருளை போடுகிறவர்கள் யாருக்கும் ‘பின் கருகல்’ என்ற நோயைத் தெரியாமல் இருக்காது. இரண்டு நாள் மூடுபனியும் தூறலுமாக இருந்தால் இலை ஓரத்தில் எண்ணெய் பட்ட மாதிரிக் கறை விழும். அடுத்த வாரம் தோட்டமே வெந்நீர் ஊற்றியது போல் ஆகிவிடும். 1845ல் அயர்லாந்தில் பஞ்சம் வந்தது இதே கிருமியால்தான். இந்தியாவில் அது முதலில் பதிவானது நம் நீலகிரியில், 1870க்கும் 1880க்கும் இடையில். பூஞ்சை என்றே எல்லோரும் சொல்கிறோம், ஆனால் வகைப்பாட்டில் அது பூஞ்சை இல்லை, பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதன் ஜீனோம் 2009ல் வெளியானது. சுமார் 24 கோடி எழுத்து, மனிதருடையதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. ஒரு நல்ல லேப்டாப் தாங்கும்.

கிடங்குகளில் இந்தக் கிருமியின் பல இனவழிகளுடைய, அதாவது ஒரே கிருமியின் தனித்தனிக் கிளைகளுடைய, தரவு இருக்கிறது. அதில் ஒன்று ஆச்சரியமானது. பஞ்ச காலத்தில் பறித்துக் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாத்த உருளை இலைகளில் இருந்து டிஎன்ஏவை எடுத்து 2013ல் வாசித்துவிட்டார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சருகு. அதில் கிருமியும் இருக்கும், உருளையும் இருக்கும், பின்னால் வந்து ஒட்டிய மண் பாக்டீரியாவும் இருக்கும். எல்லாம் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும். பிரித்து எடுத்து, இன்றைய இனவழிகளோடு வைத்து ஒரு வம்சாவளி வரைய வேண்டும்.

நிறைவு நாளன்று இதை ஒரு மாணவி திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர், உருளை விவசாயி, கை தூக்கினார். “அதெல்லாம் சரி கண்ணு, நான் அடிச்ச மருந்து ஏன் கேக்கல?” மண்டபம் சிரித்தது. ஆனால் அன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான். ஐரோப்பாவில் 2004ல் தென்பட்ட 13_ஏ2 என்ற இனவழி பிறகு தென்னிந்தியாவிலும் தக்காளியையும் உருளையையும் பெரிதாக அழித்தது. அந்த இனவழியிடம் மெட்டலாக்சில் என்ற மருந்து செல்லாது. அவர் தோட்டத்தில் இருந்தது அதுதான் என்று எங்களால் சொல்ல முடியாது, அவர் தோட்டத்து இலையை யாரும் வாசிக்கவில்லையே. ஆனால் ஒரு இலையை வாசித்தால் எந்த இனவழி என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கு எத்தனை துண்டு போதும் என்பதுதான் இந்த முறை அந்தக் குழுவின் வேலை. கேள்வி கொடுத்தவரையும் கூப்பிட்டிருக்கிறோம். மூன்று நாளும் உட்கார நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

இரண்டாவது திட்டம் பறவை. சோலைக்காட்டில் தரையோரம் தத்தித் திரியும் நீலநிறச் சின்னப் பறவை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் புளூ ராபின் என்பார்கள். நீலகிரியில் ஒன்று, பழனி மலையில் ஒன்று, இரண்டும் பார்க்க அக்கா தங்கை. நடுவில் பாலக்காட்டுக் கணவாய். மலைப்பறவைக்கு அந்தச் சமவெளி கடல் மாதிரி. டிஎன்ஏவை வைத்து 2017ல் இவற்றுக்கு ஷோலிகோலா என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். பெயரிலேயே சோலை இருக்கிறது பாருங்கள். கோப்புகள் சின்னவை, புதியவர்களுக்கு ஏற்றது. இதே பாணியில் வரையாட்டையும் பார்க்கலாம். அது இமயமலை வரையாட்டைவிடச் செம்மறி ஆட்டுக்குத்தான் நெருக்கம் என்று 2005ல் டிஎன்ஏ காட்டியது, தனிப் பேரினமும் கிடைத்தது.

மூன்றாவது, கதிர் அரிவாள் ரத்தசோகைக்குக் காரணமான ஒற்றை எழுத்து. இதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

நாலாவது குழு எதையும் ஆராயாது. மற்ற மூன்று குழுவும் என்ன செய்கின்றன என்று பார்த்து, படிப்படியாகத் தமிழில் எழுதும். வேண்டா வெறுப்பாகத்தான் இதில் சேர்கிறார்கள், கடைசியில் எல்லாம் புரிந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

ஒற்றை எழுத்தைத் தேட மூன்று நாளா?

தேடினால்தான் தெரியும்! ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஜிஏஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜிடிஜி என்று ஆகிவிட்டால், அந்தப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறும். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அது வந்தால் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

இப்போது கோப்பைத் திறந்து ஏ என்பது டி ஆகியிருக்கிறதா என்று தேடுகிறீர்கள். கிடைக்காது. ஏனென்றால் டிஎன்ஏ இரட்டை இழை, ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரில் டி இருக்கும். மாதிரி ஜீனோமில் எழுதி வைத்திருப்பது ஓர் இழை, இந்த மரபணு இருப்பது எதிர் இழையில். எனவே கோப்பில் அது டி என்பது ஏ ஆனதாகத்தான் பதிவாகியிருக்கும். சரி, திருப்பிப் போட்டுத் தேடுகிறீர்கள். அப்போதும் கிடைக்காது, ஏனென்றால் விலாசம், அதாவது குரோமோசோமில் அது எத்தனையாவது எழுத்து என்ற எண், தப்பு. மாதிரி ஜீனோமுக்குப் பதிப்புகள் உண்டு. 2009 பதிப்பில் இந்த எழுத்தின் விலாசம் 52,48,232. 2013 பதிப்பில் 52,27,002. இருபத்தோராயிரம் எழுத்து தள்ளிப் போய்விட்டது. பழைய விலாசத்தோடு புதுக் கோப்பைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத எழுத்து ஒன்று அப்பாவியாக உட்கார்ந்திருக்கும், கணினி ஒரு வார்த்தை சொல்லாது. எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்காத ஒரு காகிதத்தால் எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போயிருக்கிறது. அதனால் கோப்பின் பெயரிலேயே பதிப்பை எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். மற்றதில் எல்லாம் நாங்கள் இளகிய மனசுக்காரர்கள், இதில் மட்டும் இல்லை.

இந்த நோய் நீலகிரிப் பழங்குடியினரிடம் இருக்கிறதே. அவர்கள் தரவையா பார்க்கிறீர்கள்?

இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இந்தியாவில் அரிவாள் மாதிரி வளையும் இந்தச் சிவப்பணு இருப்பது முதலில் தெரியவந்ததே இந்த மலையில்தான். 1952ல் நீலகிரிப் பழங்குடியினர் ரத்தத்தைச் சோதித்து அதைப் பதிவு செய்தார்கள். 2023ல் நாடு முழுவதும் இந்த நோயை ஒழிக்க ஓர் இயக்கமே தொடங்கியிருக்கிறார்கள், 2047க்குள் என்று இலக்கு. ஆகவே ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்த மக்கள்மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு சமூகங்களுமே நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ரத்தம் எடுத்துப் போனவர்கள் நிறைய. திரும்பி வந்து என்ன தெரிந்தது என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கு என்று ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை அவர்களைக் கேட்காமல் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது தெரியவந்து வழக்கு நடந்தது. 2010ல் இழப்பீடும் கொடுத்து, ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். மருத்துவ ஆய்வில் மனிதர்களைச் சேர்ப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வகுத்த நெறிமுறைகள் இருக்கின்றன, நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். வார இறுதியில் கூடும் நாங்கள் அதற்கான ஆட்கள் இல்லை.

நாங்கள் பயன்படுத்துவது ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் தரவு. 26 மக்கள் குழுக்களில் இருந்து 2,504 பேர், பொதுவில் வெளியிடச் சம்மதித்தவர்கள். அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் ஒரு குழு. தமிழ் ஆட்கள் என்றதும் எங்கள் மேசைகளில் ஒரு தனி உற்சாகம் வரும், அதைத் தடுக்க முடியவில்லை.

இந்தியாவுக்கு என்று ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரை இலக்காக வைத்து வாசித்தது. அந்தத் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. விண்ணப்பித்து அனுமதி வாங்கித்தான் பார்க்க முடியும், ஹேக்கத்தானுக்குத் தூக்கி வர முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

என் சொந்த டிஎன்ஏ கோப்பு இருக்கிறது. கொண்டு வரலாமா? என்னுடையதுதானே?

வேண்டாம். அதில் பாதி உங்கள் தங்கையுடையதும்தான், அவளைக் கேட்டீர்களா? பெயரை அழித்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பெயர் நீக்கிப் பொதுவில் வைத்திருந்த ஜீனோம்களை, வம்சாவளித் தளங்களில் இருக்கும் குடும்பப் பெயர்களோடு பொருத்தி, ஐம்பது பேர் வரை யார் யார் என்று 2013லேயே கண்டுபிடித்துக் காட்டிவிட்டார்கள்.

போகிற வழியில் சோலையில் இலை, இறகு, எச்சம் ஏதாவது பொறுக்கி வரலாமா?

கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் எச்சத்தைக்கூட எடுக்கக் கூடாது. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப்பட்ட லேப்டாப் வேண்டும்?

16 ஜிபி ரேம் இருந்தால் சௌகரியம், 8 இருந்தாலும் சமாளிக்கலாம். லினக்ஸோ மேக்கோ நல்லது. விண்டோஸ் என்றால் அதற்குள் லினக்ஸ் நிறுவும் வழியை வருவதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்புவோம், தயவுசெய்து வீட்டிலேயே செய்து பாருங்கள். இங்கே வந்து நிறுவ உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமை போயே போய்விடும். கட்டளைகள் அலர்ஜி என்றால் கேலக்ஸி என்ற இலவச இணையதளம் இருக்கிறது, பிரவுசரிலேயே பட்டன் தட்டி வேலை பார்க்கலாம்.

லேப்டாப்பே இல்லாதவர்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள். எங்களிடம் மூன்று இருக்கின்றன. அழகு இல்லை, ஓடும்.

மலையில் நெட் கிடைக்குமா?

மழை பெய்தால் போகும். மரம் விழுந்தால் கரண்டும் போகும். முதல் தடவை அனுபவம் இல்லாமல், எல்லாவற்றையும் இங்கே வந்து இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். ஒரே ஆளுடைய முழு ஜீனோம் தரவே சுருக்கிய நிலையில் பல பத்து ஜிபி. நாலு குழு ஒரே நேரத்தில் இறக்கத் தொடங்கின. தங்கும் விடுதியின் வைஃபை பாவம் அரை மணி நேரம் மூச்சு விட்டுப் பார்த்து அடங்கிவிட்டது. விடுதிக்காரர் வந்து “என்ன சார், சினிமா பாக்குறீங்களா?” என்று கேட்டார்.

இப்போது எல்லாத் தரவையும் கோவையிலேயே இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டு மலை ஏற்றிவிடுகிறோம். மண்டபத்துக்குள் ஒரு சர்வர், யுபிஎஸ், நெட் இல்லாமலே ஓடும் உள்வலை. இறக்கிய ஒவ்வொரு கோப்பும் வழியில் சிதையாமல் வந்ததா என்று சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டு வைக்கிறோம். அழைப்பு பேச மட்டும் வாசலுக்கு வர வேண்டியிருக்கும்.

சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா?

கட்டளை மறந்துபோனால் கேட்கலாம். ஆனால் அது தரும் விலாசங்களை, குறிப்பாக எந்தப் பதிப்பின் விலாசம் என்பதை, கோப்போடு ஒப்பிடாமல் யாரும் நம்பக் கூடாது. வாங்கிய கட்டளை என்ன செய்கிறது என்று குழுவில் ஒருவருக்காவது விளக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஓட்டாதீர்கள்.

புதிதாக ஏதாவது கண்டுபிடித்துவிட்டால்?

முதலில் ஒரு டீ குடியுங்கள். ஒரு முறை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு குழு குதித்துக்கொண்டு வந்தது. உருளைக் கிருமியின் கோப்பில் எதிலும் அடுக்க முடியாத துண்டுகள் மிச்சம் இருந்தன, அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் முழுதாக ஒரு வைரஸ் வருகிறது, நோயே அதனால்தானோ என்று ஒரே பரபரப்பு. நீளம் எவ்வளவு என்று கேட்டேன். 5,386 எழுத்து என்றார்கள்.

இந்த வேலையில் கொஞ்ச நாள் புழங்கியவர்களுக்கு அந்த எண் அத்துப்படி. அது ஃபைஎக்ஸ்174 என்ற வைரஸ். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் அப்பிராணி. 1977ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரெடரிக் சாங்கரின் குழு முதன்முதலில் முழுதாக வாசித்த டிஎன்ஏ ஜீனோம் அதனுடையதுதான். இன்றைக்கும் எந்திரம் சரியாக வாசிக்கிறதா என்று சோதிக்க ஒவ்வொரு ஓட்டத்திலும் அதைக் கொஞ்சம் கலந்து விடுகிற வழக்கம் உண்டு. உப்புப் பார்க்கப் போட்ட கரண்டி குழம்பிலேயே தங்கிவிட்ட கதை. உலகத்தில் வெளியான பல பாக்டீரியா ஜீனோம்களிலேயே இது தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்திருக்கிறது, ஆகவே இவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் அந்தக் குழுவே மற்ற குழுக்களின் கோப்புகளில் இதைத் தேடி நீக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தது. அதை இன்னும் பயன்படுத்துகிறோம்.

முடிவுகள் யாருக்குச் சொந்தம்? பேப்பர் போடலாமா?

எழுதும் நிரல் எல்லாம் திறந்த உரிமத்தில் பொதுவில் வைக்கப்படும், வேலை செய்த எல்லார் பெயரோடும். பேப்பர் போடுவதாக இருந்தால் மூன்று நாள் வேலை போதாது. பிறகு யாராவது தொடர்ந்து செய்து, குழுவைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சோதனை உண்டு: உங்கள் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்துக் குழு அதே முடிவை எடுக்க வேண்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இதுவரை முதல் முயற்சியிலேயே தேறிய குழு ஒன்றே ஒன்றுதான், தமிழ்க் குறிப்பு எழுதியவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பக்கத்து மேசை.

பேச்சு தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில். கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. கலைச்சொல் தெரியவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். ரீட், வேரியன்ட் என்றே சொல்லுங்கள். துண்டு, பாடபேதம் என்றாலும் எங்களுக்குப் புரியும்.

செலவு?

பதிவுக் கட்டணம் இல்லை. தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடுவோம். மாணவர்களுக்குப் பாதி. அதுவும் முடியாது என்றால் எங்கள் யாரிடமாவது தனியாகச் சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டோம்.

எப்படி வருவது?

சென்னையில் இருந்து என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ், விடியலில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரிக்குப் பேருந்து நிறைய, மலைப்பாதை சுமார் 33 கிலோமீட்டர். வளைவுகளில் வயிறு புரட்டும் என்றால் காலையில் இட்லியோடு நிறுத்துங்கள். மலை ரயிலில் ஏறி வந்துவிடலாம் என்று வருடா வருடம் இரண்டு பேர் கிளம்புகிறார்கள். அது குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது, கோத்தகிரிப் பக்கமே வராது. சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதம் முதல் இந்த நடைமுறை, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன எடுத்து வர வேண்டும்?

ஸ்வெட்டர். ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் இரண்டு. ஊர் ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, மண்டபத் தரை சிமென்ட், சாக்ஸ் மறக்காதீர்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். லேப்டாப் சார்ஜர், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் புண்ணியம்.

ராத்திரி முழுக்க மண்டபத்தில் வேலை செய்யலாமா?

செய்யலாம். ஆனால் எட்டு மணிக்கு மேல் மண்டபத்தில் இருந்து விடுதிக்குத் தனியாக நடக்க வேண்டாம். இருநூறு மீட்டர்தானே என்று கிளம்பாதீர்கள், தேயிலைச் சரிவில் கரடி இறங்குகிற பாதை அது. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் ஜீப் உண்டு. ஒரு மணி ஜீப்பையும் விட்டவர்களுக்கு மண்டபத்திலேயே பாயும் கம்பளியும் இருக்கிறது.